நாகரசம்பட்டிக்கு அப்டேட் வந்த வழி

ஆன்டிவைரஸ் என்பதில் பெரும்பகுதி ஒரு பட்டியல்தான். எந்தக் கோப்பில் எந்த அடையாளம் இருந்தால் அது வைரஸ் என்று அதைச் செய்த கம்பெனிக்காரர்கள் எழுதி அனுப்புவதை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. பட்டியல் பழசாகிவிட்டால், நேற்றுக் கிளம்பிய வைரஸ் அதன் எதிரிலேயே நடமாடினாலும் கண்டுகொள்ளாது. பெங்களூரில் இருப்பவருக்குப் பட்டியல் வந்து சேர்வது ஒரு கவலையாக இருந்திருக்காது. காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் நாகரசம்பட்டியில் அது பல வருடம் பெரும்பாடாக இருந்தது. பேருந்திலும் சட்டைப் பையிலும் அதைச் சுமந்து வந்தவர்களைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

என் அப்பா தட்டச்சுப் பயிலகம் நடத்தினார். ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட் எல்லாம் வரிசையாக இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில், பரீட்சைக்கு வரும் பிள்ளைகள் குறையத் தொடங்கியபோது, இரண்டு மிஷின்களை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். அது நின்றுபோனால் கிருஷ்ணகிரியிலிருந்து ஆள் வரவேண்டும், வருகிறவருக்குப் பாதி நாள் போய்விடும். அதனால் மூடியைக் கழற்றிப் பார்க்க நானே பழகிக்கொண்டேன். இன்றைக்கும் ஊரில் எனக்கு ‘டைப்ரைட்டிங் அக்கா’ என்றுதான் பேர். நான் தட்டச்சு சொல்லிக்கொடுத்ததைவிட வைரஸ் எடுத்துக்கொடுத்ததுதான் அதிகம்.

பீசி உலகத்தில் முதலில் பரவிய வைரஸ் பக்கத்து நாட்டில் பிறந்தது. 1986இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் என்ற ஃபரூக் ஆல்வி சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’. ஃபிளாப்பியின் முதல் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே தங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அவர்களே எழுதியிருந்தார்கள். 1990இல் இந்தியாவிலேயே ‘ஜோஷி’ கண்டுபிடிக்கப்பட்டது. ஜனவரி 5ஆம் தேதி கம்ப்யூட்டரைப் போட்டால், ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்தைத் தட்டச்சு செய்யும்வரை அசையவிடாது. 1992 மார்ச் 6ஆம் தேதியைக் குறிவைத்த ‘மைக்கேலேஞ்சலோ’ பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கே வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் எங்களுக்குப் பின்னால் உதவப்போகிறவர்கள் அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்தார்கள். 1991இல் சென்னையில் ஜெ. கேசவர்த்தனன் கே7 கம்ப்யூட்டிங்கைத் தொடங்கினார். புனேயில் கால்குலேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த கைலாஷ் கட்கர், படித்துக்கொண்டிருந்த தம்பி சஞ்சய் எழுதிய வைரஸ் நீக்கும் நிரலை வைத்து ஒரு தொழிலே கட்டினார். அதுதான் பின்னாளில் குவிக் ஹீல். பழுது பார்க்கும் மேசையிலிருந்து எழுந்த கம்பெனி அது என்பதில் எனக்குத் தனி மரியாதை உண்டு.

எங்கள் ஊரைத் தொட்ட முதல் பெரிய வைரஸ் தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஹெச். செர்னோபில் அணு உலை வெடித்த நாளான ஏப்ரல் 26இல் அது விழித்துக்கொள்ளும். 1999இல் அந்த நாள் திங்கட்கிழமை. ஹார்ட்டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழிப்பதோடு, சில மதர்போர்டுகளில் பயோஸ் சில்லையும் குப்பையால் நிரப்பிவிடும். அதற்கப்புறம் பட்டனை அழுத்தினால் திரை கறுப்பாகவே இருக்கும். சில்லைக் கழற்றி மறுபடி எழுதித்தர எங்களுக்குத் தெரிந்த இடம் பெங்களூர் எஸ்.பி. ரோடுதான். பட்டியல் புதுசாக இருந்த கம்ப்யூட்டர் தப்பியது. பட்டியல் கிடைக்காதவர்கள் 25ஆம் தேதியே கடிகாரத்தை 27க்குத் தள்ளிவைத்தார்கள். அப்பா அன்றைக்குக் கம்ப்யூட்டரைப் போடவே விடவில்லை.

அப்போது பட்டியல் ஓசூர் வழியாக வந்தது. அதற்குக் காரணம் உண்டு. எழுபதுகளில் சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் எழும்பிய பிறகு, அலுவலகக் கம்ப்யூட்டர், அதைப் பழுது பார்க்கும் கடை, பாகம் விற்கும் கடை எல்லாம் கிருஷ்ணகிரிக்கு முன்னால் ஓசூருக்கு வந்துவிட்டன. அங்கிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர். எங்கள் ஊர்ப் பையன்கள் ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்து ஓசூரில் ஷிப்டு வேலைக்குப் போனார்கள். வார விடுமுறைக்கு வரும்போது, ஓசூர்க் கடையில் காசு கொடுத்து எழுதி வாங்கிய ஃபிளாப்பியைக் கொண்டுவருவார்கள். ஒன்றில் கொள்வது 1.44 எம்பி. பட்டியல் அதைவிடப் பெரிதானபோது இரண்டு மூன்று ஃபிளாப்பிகளில் பிரித்து எழுதித் தருவார்கள்; அதில் ஒன்று படிக்காமல் போனால் மொத்தமும் போச்சு, அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஆங்கிலக் கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இலவச சிடி வந்தது. அதில் எல்லா ஆன்டிவைரஸுக்கும் அந்த மாதத்து அப்டேட் இருக்கும். ஊருக்கு ஒருவர் வாங்கினால் போதும், சிடி சுற்றிச் சுற்றி வரும். தினமலரின் கம்ப்யூட்டர் மலரை வைத்துத்தான் எங்களில் பலர் படித்தோம். திங்கட்கிழமைப் பேப்பரில் அந்த இணைப்பை மட்டும் எடுத்துத் தைத்து வைத்திருப்போம்.

டெலிபோன் வழியாக இண்டர்நெட் வந்தபோது இனிப் பேருந்தை நம்ப வேண்டாம் என்று நினைத்தோம். 56கே மோடம் நல்ல நாளில் நொடிக்கு நாலைந்து கேபி இழுக்கும். ஐந்து எம்பி அப்டேட்டுக்கு இருபது நிமிடம். மழை பெய்தால் கம்பியில் இரைச்சல் ஏறி இணைப்பு அறுந்துவிடும். அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. கால் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ வந்தபோது இதில் ஒரு கொடுமை சேர்ந்துகொண்டது. விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கம்ப்யூட்டர், அப்டேட் எடுக்கலாம் என்று நெட்டில் நுழைந்தாலே போதும், எதையும் திறக்காமலே அந்தப் புழு உள்ளே வந்துவிடும். திரையில் 60 விநாடி எண்ணிக்கை ஓடி, கம்ப்யூட்டர் அணைந்து எழும். அப்டேட் பாதியில் நிற்கும். ‘ஷட்டௌன், மைனஸ் ஏ’ என்று தட்டினால் எண்ணிக்கை நின்றுவிடும் என்ற செய்தி ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு டெலிபோனில் பரவியது. முதலில் ஃபயர்வாலைப் போடு, அப்புறம் நெட்டைப் போடு என்ற பாடத்தை அந்த மாதம் கற்றோம். இன்றுவரை அந்த வரிசையை நான் மாற்றியதில்லை.

2005இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் என்ற பெயரில் பிராட்பேண்ட் கொண்டுவந்தது. எங்கள் பக்கம் வர இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. மாதத்துக்கு இத்தனை எம்பிதான், மேலே போனால் தனிக் காசு. சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணிவரை கணக்கில்லை. அதனால் அப்டேட் என்பது பின்னிரவு வேலையாக மாறியது. விடியற்காலையில் பால் கறக்க எழும் வீடுகளில் முதலில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுத்தான் தொழுவத்துக்குப் போனார்கள். 2008க்குப் பிறகு மின்வெட்டு வந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாக இருந்த நாட்கள் உண்டு. பாதி இறங்கிய அப்டேட் கெட்டுப்போய், பழைய பட்டியலும் திறக்காமல் புதுசும் சேராமல் நிற்கும். அதைச் சரிசெய்ய ஒரே வழி, ஆன்டிவைரஸை முழுசாக நீக்கிவிட்டு மறுபடி போடுவது.

பெரிய காலம் என்றால் பென்டிரைவ் காலம்தான். 2006 முதல் 2011 வரை என்று வைத்துக்கொள்ளலாம். ‘வைரஸ் ஏறிடுச்சு’ என்று ஊர் பேசத் தொடங்கியது அப்போதுதான். போட்டோ ஸ்டுடியோக்காரர் முகூர்த்த மாதத்தில் கல்யாண ஆல்பத்தைப் பென்டிரைவில் போட்டுக் கிருஷ்ணகிரி, ஓசூர் கலர் லேப்களுக்கு எடுத்துப் போவார். ஒரு லேபில் ஒரு நாளைக்குப் பல ஊர்ப் பென்டிரைவ் ஒரே கம்ப்யூட்டரில் ஏறி இறங்கும். மாம்பழக்கூழ் ஆலையில் சீசன் கணக்கெழுதுகிறவர் வீட்டில் முடிக்கலாம் என்று டேலி கணக்கைக் கொண்டுவருவார். பெங்களூரில் படிக்கும் பெண் புராஜெக்ட்டோடு வருவாள். எல்லார் பையிலும் ‘ஆட்டோரன்’ என்ற சின்னக் கோப்பு மறைந்திருந்தது. சொருகித் திறந்தவுடன் விண்டோஸ் அதைப் படித்து, அது சொன்ன நிரலைக் கேள்வி கேட்காமல் ஓட்டிவிடும். ஃபோல்டர் எல்லாம் மறைந்து, அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு வைரஸ் உட்கார்ந்திருக்கும். டாஸ்க் மேனேஜர் திறக்காது. ஃபோல்டர் ஆப்ஷன் மெனுவிலேயே இருக்காது. கல்யாணப் படமே போய்விட்டது என்று அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு. படம் எங்கும் போயிருக்காது. கறுப்புத் திரையில் ‘அட்ரிப், மைனஸ் ஹெச், மைனஸ் எஸ்’ என்று கட்டளை கொடுத்தால் எல்லாம் மேலே வந்துவிடும். அந்த நேரத்து முகங்களைப் பார்க்கவே இந்தத் தொழிலைச் செய்யலாம்.

போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. அன்றைக்கு எங்கள் பழுது பார்க்கும் கடையிலும் கூட்டம். சந்தைக்குப் போகிற வழியில், ஓசூரில் செய்த டிவிஎஸ் வண்டியின் முன்பலகையில் சிபியுவை நிற்கவைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆட்டையோ காய்கறியையோ பார்த்துவிட்டுத் திரும்பும்போது எடுத்துப் போவார்கள். பலருக்கு வீட்டில் நெட் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆன்டிவைரஸ் போட்டுக்கொடுத்தாலும், அடுத்த மாதமே பட்டியல் பழசாகிவிடும். அதனால் நாங்கள் மாதாமாதம் அப்டேட்டைக் கடையில் இறக்கி சிடியில் எழுதிக் கொடுத்தோம். பென்டிரைவில் கொடுத்தால் அங்கே போனதும் அதுவே வைரஸை வாங்கிக்கொண்டு திரும்பும். ஒருமுறை எழுதி மூடிய சிடியில் யாராலும் எதையும் சேர்க்க முடியாது. இதை எந்தக் கம்பெனியும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, கிருஷ்ணகிரியிலும் பர்கூரிலும் இருந்த கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது. ஊர்ப்புறத்தில் ஆன்டிவைரஸ் உயிரோடு இருந்தது இந்த சிடிகளால்தான் என்பேன்.

வைரஸ் எழுதுகிறவர்களுக்கும் இந்த வழியின் அருமை தெரிந்திருந்தது. பட்டியல் வரும் பாதையையே அடைத்தார்கள். எளிய முறை, ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற கோப்பில் ஆன்டிவைரஸ் தளங்களின் பெயர்களை எழுதி, பக்கத்தில் 127.0.0.1 என்று போட்டுவிடுவது. அந்த எண் அந்தக் கம்ப்யூட்டரையே குறிக்கும்; அப்டேட் தன் வாசலைத் தானே தட்டிவிட்டு ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று திரும்பும். 2008 நவம்பரில் வந்த ‘கான்ஃபிக்கர்’ அதைவிடத் தேர்ந்தது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 23ஆம் தேதியே அடைத்துவிட்டது. ஆனால் அந்த அடைப்பு வந்து சேராத கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் இருந்தன. கான்ஃபிக்கர் ஏறிய கம்ப்யூட்டரில் மெயில் திறக்கும், பாட்டு இறங்கும். ஆன்டிவைரஸ் தளமும் மைக்ரோசாஃப்டும் மட்டும் திறக்காது. அதைக் கண்டுபிடிக்க நிபுணர்கள் ஒரு பக்கம் செய்து வைத்திருந்தார்கள். மேல் வரிசையில் பாதுகாப்புக் கம்பெனிகளின் சின்னங்கள், கீழ் வரிசையில் லினக்ஸ் போன்றவற்றின் சின்னங்கள். மேல் வரிசை மட்டும் தெரியாவிட்டால் வைரஸ் இருக்கிறது என்று அர்த்தம். ‘டிஎன்எஸ் கிளையன்ட்’ என்ற சேவையை நிறுத்திவைத்தால் தடை தற்காலிகமாக விலகும். அந்த இடைவெளியில் நீக்கும் கருவியை இறக்கிவிடலாம். வைரஸ் தனக்குப் போட்டுக்கொண்ட வேலியில் இருந்த அந்தச் சந்து எங்களுக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைக் காப்பாற்றிக் கொடுத்தது.

ஆனால் அப்டேட் ஆகவில்லை என்று வந்ததில் கணிசமானவை வைரஸே இல்லாதவை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், வெளிநாட்டில் இருக்கிற மகனோடு பேசக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார். ஒருநாள் போன் செய்தார்.

“ஏம்மா, போன மாசம்தானே காசு கட்டிப் புதுப்பிச்சேன்? இப்போ செல்லாதுங்குதே!”

“ஐயா, கீழே வலது மூலையில தேதி என்ன இருக்குன்னு பாருங்க.”

“ஒண்ணு, ஒண்ணு, ரெண்டாயிரத்து ரெண்டு.”

“பேட்டரி போயிடுச்சுங்க ஐயா. வர்றேன்.”

மதர்போர்டில் நாணயம் அளவில் சி.ஆர். 2032 என்ற பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஏதோ பழைய தேதிக்குப் போய்விடும். லைசென்ஸ் இன்னும் தொடங்கவே இல்லை என்று ஆன்டிவைரஸ் நினைக்கும். அப்டேட் சர்வர் காட்டும் சான்றிதழ் எதிர்காலத்துத் தேதியில் இருப்பதால் அதையும் நம்பாது. மின்வெட்டுக் காலத்தில் இந்தப் பேட்டரிக்குத்தான் எத்தனை வேலை! ஒரு பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் சரியாகும் கோளாறுக்கு ‘ஃபார்மேட் அடிச்சுடலாம்’ என்று சொல்லி வீட்டுக்காரரின் படங்களையும் கடிதங்களையும் அழித்தவர்கள் எங்கள் தொழிலில் இருந்தார்கள். அது எனக்கு அப்போதும் பொறுக்கவில்லை, இப்போதும் பொறுக்கவில்லை. தேதியைப் பார், சி டிரைவில் இடம் இருக்கிறதா பார், இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக உட்கார்ந்து சண்டை போடுகின்றனவா பார், பிராக்ஸியை யாராவது மாற்றியிருக்கிறார்களா பார். இதெல்லாம் பார்த்த பிறகுதான் ஸ்குரூடிரைவரையே தொட வேண்டும் என்று என்னிடம் வேலை பழகியவர்களுக்குச் சொல்வேன்.

அப்டேட்டை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 256 எம்பி ராமில், அப்டேட் முடிந்து சோதனை தொடங்கினால் டேலி நகராது. ஆலை வாசலில் மாங்காய் லாரி நிற்கும்போது யாரால் பொறுக்க முடியும்? இன்னொரு காரணம் காசு. திருட்டுச் சாவி போட்டிருந்தால், அப்டேட் ஆனதும் கம்பெனி அந்தச் சாவியைத் தள்ளிவிடும். அதனால் பலர் அப்டேட்டையே பூட்டி வைத்தார்கள். கே7, குவிக் ஹீல் சிடிப் பெட்டிகள் கட்டுப்படியாகும் விலையில் எங்கள் ஊர்க் கடைவரை வந்த பிறகு இது மெல்ல மாறியது. அந்த நேரத்தில் சென்னைக்காரர்கள் செய்த ஒன்று எனக்கு ஆச்சரியம் தந்தது. கே7 தயாரித்த மென்பொருளை ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற கம்பெனி விற்றது. 2006இல் ‘வைரஸ் செக்யூரிட்டி ஜீரோ’ என்ற பெயரில் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணமே இல்லாமல் கொடுத்தார்கள். பட்டியலுக்கு வருடா வருடம் காசு கேட்பதுதான் இந்தத் தொழிலின் அடித்தளமாக இருந்தபோது, அதை மாற்றிப் பார்த்த மென்பொருள் நம் கடற்கரையிலிருந்து போனது.

அப்டேட் வந்ததாலேயே கெட்டதும் உண்டு. 2008 நவம்பரில் ஏவிஜி ஆன்டிவைரஸ், விண்டோஸின் சொந்தக் கோப்பு ஒன்றை வைரஸ் என்று காட்டியது. 2010 ஏப்ரல் 21இல் மெக்காஃபி அதே தவற்றைச் செய்து, எக்ஸ்பி கம்ப்யூட்டர்களைத் திரும்பத் திரும்ப அணைந்து எழ வைத்தது. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன. ஹைதராபாத்தில் விமான போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த போன்கள் எல்லாம் ‘அக்கா, நம்ம வீட்டு சிஸ்டமும் போயிடுமா?’ என்பதுதான். அது பெரிய கம்பெனிகள் வாங்கும் மென்பொருள், வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோருக்கும் பொறுமையாகச் சொன்னேன்.

பென்டிரைவ் வைரஸ் எப்படி அடங்கியது? விண்டோஸ் 7 ஆட்டோரனைப் பென்டிரைவுக்கு நிறுத்தியது; 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அதையே அப்டேட்டாக அனுப்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 15இல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ பிள்ளைகள் வழியாக, முன்னால் கம்ப்யூட்டரே இல்லாத வீடுகளுக்கு அது வந்தது. விண்டோஸ் 8இலிருந்து டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே வந்துவிட்டது. செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் பட்டியல் சில நிமிடத்தில் இறங்குகிறது. நான் சிடி எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் நிற்கவில்லை. விண்டோஸ் 7 போட்ட லேப்டாப்பில் 2019இல் வந்த ‘ஷா-2’ கையொப்ப அப்டேட் ஏறியிருக்காவிட்டால், புது ஆன்டிவைரஸ் கோப்புகளை அது ஏற்காது. அதை முதலில் போட்டால்தான் மற்றது ஏறும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்து வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கம்ப்யூட்டர்கள், விண்டோஸ் 11ஐ ஏற்காதவை. அவற்றின் டிஃபென்டருக்கு மட்டும் 2028 அக்டோபர்வரை பட்டியல் வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. பட்டியல் வந்தாலும் விண்டோஸில் புதிதாகக் கிளம்பும் ஓட்டையை அது அடைக்காது. கான்ஃபிக்கர் நுழைந்தது அப்படிப்பட்ட ஓட்டை வழியாகத்தான். அதனால் இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் வங்கி வேலையை அந்தக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டாம் என்கிறேன். பிள்ளைகளின் படங்களைத் தனி ஹார்ட்டிஸ்க்கில் எடுத்துவைத்துக் கொடுக்கிறேன். சம்மதிக்கிறவர்களுக்கு லினக்ஸ் போட்டுவிடுகிறேன்.